பக்கச்சுவர் இல்லாத வீட்டில் பீரோவை எங்கே வைப்பது?

ஏ-பிரேம் வீட்டுக்குப் பக்கச்சுவர் கிடையாது. முகட்டில் தொடங்கும் கூரையே இருபுறமும் சரிந்து தரைவரை இறங்கிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்கிப்போட்டவர்களுக்கு இந்த முக்கோணத்தின் மேல் ஆசை வருவதில் வியப்பில்லை. படத்தில் அவ்வளவு அழகு.

கூரையைச் சுமக்கும் சாய்ந்த சட்டங்களான கைமரங்கள் இரண்டும் முகட்டில் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். அடியிலோ விலகி ஓடப் பார்க்கும். வெள்ளையடிப்பவரின் மடக்கு ஏணியில் கால்களுக்கு நடுவே கயிறு கட்டியிருக்குமே, அந்த வேலையை இங்கே தரைமட்ட விட்டம் செய்கிறது. சதுரச் சட்டத்தை மூலையில் தள்ளினால் கோணிக்கொள்ளும். முக்கோணம் அப்படியில்லை, பக்கங்களின் நீளம் மாறாதவரை அதன் வடிவமும் மாறாது. நடுவில் வரும் குறுக்குக்கட்டை கைமரங்களை வளையாமல் காக்கும், மச்சையும் சுமக்கும். முன்னிருந்து பின்னாக, நீளவாக்கில் தள்ளும் காற்றுக்கு மட்டும் இந்த முக்கோணம் உதவாது. அதற்குத் தனியாக இணைப்புகள் வேண்டும்.

1930களில் கலிபோர்னியாவின் ஏரோஹெட் ஏரிப் பகுதியில் கட்டடக் கலைஞர் ருடால்ஃப் ஷிண்ட்லர் இப்படி ஒரு விடுமுறை வீட்டை வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இது பரவியது. செங்குத்தான சரிவில் பனி தங்காது, கட்டுவதும் எளிது.

இழப்பு உள்ளே தெரியும். அகலம் 6 மீட்டர், சரிவு 60 பாகை என்றால் முகடு சுமார் 5.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். 1.8 மீட்டர் உயரமுள்ளவர் நிமிர்ந்து நிற்க, ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே வரவேண்டும். பீரோவுக்கும் அதே கதிதான். மச்சின் தளம் 2.4 மீட்டரில் இருந்தால், அங்கே நிமிர்ந்து நடக்கக் கிடைப்பது நடுவே சுமார் 1.15 மீட்டர் அகலப் பாதை மட்டுமே.

சென்னையில் பனிக்குப் பதில் வெயில். முகடு வடக்கு தெற்காக ஓடினால், காலை வெயிலும் மாலை வெயிலும் அகன்ற சரிவுகளில் நேராக அறையும். கிழக்கு மேற்காக ஓடவிடுவதே என் கட்சி: முன்முகப்பு கடலைப் பார்க்கும், பகல் காற்றும் உள்ளே வரும். மேற்கு முகப்பில் மட்டும் கண்ணாடி வைக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

சூடான காற்று மேலேறி, நாம் கட்டில் போடும் மச்சிலேயே தேங்கும். அது வெளியேற முகட்டருகே திறப்பு அவசியம். ஐப்பசி மழை இங்கே காற்றோடு சாய்ந்து அடிப்பதால், அந்தத் திறப்புக்கு நன்றாக நீண்ட மறைப்பும் வேண்டும்.