ட்ரான்ஸ்ஃபர் கேஸ்: தமிழில் பகிர்பெட்டி

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் கியர் பாக்ஸை ஒட்டி இன்னொரு பெட்டி இருக்கும். அதற்குப் பெயர் ட்ரான்ஸ்ஃபர் கேஸ். ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் மணலில் வண்டி இறக்குகிறவர்களுக்கு இது தெரிந்த பெயர்தான். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கும்வரை, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடிக்கு ஆளேற்றிப் போன ஜீப்புகள் மணலிலும் ஆழமில்லாத கடல்தண்ணீரிலும் மாட்டாமல் போய்வந்தது இந்தப் பெட்டியின் தயவில். பட்டறைகளில் சுருக்கமாக 'கேஸ்' என்பார்கள்.

அந்தக் 'கேஸ்' என்ற பாதியில்தான் முதல் குழப்பம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஸ்கள் உண்டு. கோர்ட்டில் நடக்கும் கேஸ், விழுதல், நேர்தல் என்ற பொருள்கொண்ட 'காசுஸ்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெட்டியைக் குறிக்கும் கேஸுக்கு மூலம் 'காப்ஸா' என்ற வேறு லத்தீன் சொல். இந்தக் காப்ஸாவின் வழியில் வந்த இன்னொன்று 'கேஷ்'. முதலில் பணப்பெட்டியைக் குறித்து, அப்புறம் உள்ளே இருக்கும் பணத்துக்கே பெயராகிவிட்டது. (ஒலி ஒத்துப்போனாலும் நம்முடைய காசு இந்தக் குடும்பத்தில் சேராது.) இரண்டு கேஸையும் ஒன்றாக எண்ணிவிடுவதால்தான் இணையத்தில் 'பரிமாற்ற வழக்கு' என்ற மொழிபெயர்ப்பு உலவுகிறது. அதை நம்பிப் படிக்கிறவர் ஸ்பேனரை வைத்துவிட்டு வக்கீலைத் தேட வேண்டியதுதான்.

'ட்ரான்ஸ்ஃபர்' என்பதும் லத்தீன்தான். 'ட்ரான்ஸ்' என்றால் அந்தப் பக்கம், 'ஃபெர்ரே' என்றால் சுமந்துபோவது. இங்கிருப்பதை அங்கே கொண்டு சேர்ப்பது என்று பொருள். கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் கொண்டு சேர்க்கும் பெட்டி என்பதால் இந்தப் பெயர். உள்ளே பற்சக்கரங்களோ, தடித்த சங்கிலியோ அந்த வேலையைச் செய்யும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இதற்கென்றே இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும்: முன் சக்கரங்களைச் சேர்க்க ஒன்று, இழுவையைக் கூட்ட ஒன்று. 1947இல் மஹிந்திரா அந்த ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மாற்றுப்பெட்டி' என்றால் ஸ்டெப்னி மாதிரி உபரியாக வைத்திருக்கும் பெட்டி என்று தோன்றும். 'பரிமாற்றப் பெட்டி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் பரிமாற்றம் என்பதில் கொடுக்கல், வாங்கல் இரண்டும் இருக்கிறது, இந்தப் பெட்டியோ வாங்கியதை இரண்டு பக்கமும் அனுப்புவதோடு சரி. இயற்பியல் பாடத்தில் வெப்பக் கடத்தல், மின் கடத்தல் என்று படித்த பழக்கத்தில் 'கடத்துப்பெட்டி' எனலாமா என்றால், ராமநாதபுரம் கடற்கரையில் வண்டிக்கடியில் கடத்துப்பெட்டி இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சுங்கத்துறைக்காரர்தான் முதலில் குனிந்து பார்ப்பார்.

என் கட்சி 'விசை பகிர் பெட்டி'. விசைப்படகு, நாட்டுப்படகு என்று தினமும் பேசும் ஊரில் விசை என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பகிர் என்பதன் வேர் பகு. பகுதி, பகுப்பு, பங்கு எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. பாம்பனில் மீன் விற்ற பணத்தைப் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு வைக்கிறார்களே, அதைத்தான் இந்தப் பெட்டி விசைக்குச் செய்கிறது. பெட்டி என்பதற்கும் எங்கும் போகவேண்டாம். ஓலைப்பெட்டி, ஐஸ் பெட்டி, ரயில் பெட்டி என்று எதையும் தாங்கும் சொல் அது. நீளம் என்று நினைத்தால் 'பகிர்பெட்டி' போதும். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, ஆகவே நடுவில் 'ப்' போடக்கூடாது. 'பகிர்ப்பெட்டி' பிழை.

பெயரைச் சரியாகப் பிடிப்பதில் ஒரு காரியமும் இருக்கிறது. வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தால் எண்ணெய் நிற்கும் பெட்டிகள் பல: கியர் பெட்டி, அதை ஒட்டிப் பகிர்பெட்டி, பின் அச்சின் நடுவில், இடது வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். ஒவ்வொன்றுக்கும் தனி போல்ட், தனி எண்ணெய். எது எது என்று தெரியாமல் கியர் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பகிர்பெட்டியில் ஊற்றப் போகிற ஆபத்து வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு எப்போதும் உண்டு. மாருதி ஜிப்சியில் இந்தப் பெட்டி கியர் பாக்ஸிலிருந்து விலகித் தனியாகத் தொங்கும், அதனால் குழப்பம் குறைவு. மற்ற பலவற்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆல் வீல் டிரைவ் என்று விற்கும் எல்லாக் கார்களிலும் இந்தப் பெட்டி இருக்கும் என்றும் நினைக்கவேண்டாம். எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கும் கார்களில் முன் அச்சோரம் ஒரு சின்னப் பெட்டி சுழற்சியைத் திருப்பிப் பின்னால் அனுப்பும். அதற்குப் பெயர் பவர் ட்ரான்ஸ்ஃபர் யூனிட். கொள்ளும் எண்ணெய் கொஞ்சம், பக்கத்தில் சைலன்சர் குழாயின் சூடு வேறு. சுபாரு கம்பெனியின் கார்களில் இந்த வேலை கியர் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இனி பகிர்பெட்டிக்கு உள்ளே இருப்பது. ஆங்கிலக் கையேடுகள் 'ஃப்ளூயிட்' என்கின்றன. நம் பாடநூல்களில் அதற்குப் 'பாய்மம்', ஆனால் அதில் காற்றும் அடக்கம் என்பதால் இங்கே பொருந்தாது. எண்ணெய் என்பதே போதும். எள்ளின் நெய்தான் எண்ணெய். அது பொதுப்பெயராகி மண்ணெண்ணெய் வரை பரவியபின், எள்ளெண்ணெய்க்கு 'நல்லெண்ணெய்' என்று புதுப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று. ஆங்கில 'ஆயில்' என்பதும் இப்படித்தான், ஆலிவ் எண்ணெயில் தொடங்கி எல்லா எண்ணெய்க்கும் ஆனது. தேய்மானத்தைத் தடுக்க இடுவதைப் பாடநூல் 'உயவு எண்ணெய்' என்கிறது. எனக்கு அதைவிட 'மசகு' பிடிக்கும். மாட்டுவண்டி அச்சுக்கு மசகு போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தானே இப்போது ஜீப் ஓட்டுகிறார்கள்.

எந்த மசகு என்பதுதான் முக்கியம். சில பெட்டிகள் 75டபிள்யூ-90 (எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) போன்ற கியர் ஆயில் கேட்கும். சில, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு நிற ஏடிஎஃப் கேட்கும். உள்ளே கிளட்ச் தட்டுகள் வைத்து மின்னணு மூலம் விசையைப் பகிரும் புதிய வகைகளுக்கு அந்தக் கம்பெனி சொன்ன எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது. தட்டுகள் பிடிக்காமல் வழுக்கும், அல்லது அதிரும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்றால் கையேட்டைக் காட்டுங்கள்.

மாற்றுகிற வேலை பெரிதில்லை. கொஞ்ச தூரம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கிக்கொண்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தூக்கினால் நாலு பக்கமும் ஸ்டாண்டு வைத்துத் தூக்குங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். பிறகு முதலில் கழற்ற வேண்டியது மேலே இருக்கும் ஊற்றும் போல்ட். கீழே வடிக்கும் போல்ட்டை அப்புறம்தான் தொடவேண்டும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இந்த போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். எண்ணெயை வடித்துவிட்டு, ஊற்றும் போல்ட் அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கவேண்டியதுதான். துருநீக்கி அடித்து ஒரு ராத்திரி விட்டால் பெரும்பாலும் இளகும்.

வடிக்கும் போல்ட்டின் நுனியில் பல வண்டிகளில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம், துடைத்துப் போடுங்கள். விரலில் நெருடும் இரும்புச் சில்லு இருந்தால் பட்டறைக்குப் போகவேண்டிய நேரம். புது வாஷர் போட்டுக் கீழ் போல்ட்டை மூடி, கைப்பம்பால் மேல் துவாரம் வழியே ஊற்ற வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் அந்தத் துவாரத்தின் விளிம்பில் எண்ணெய் கசிந்தால் அளவு சரி. பெட்டி பெரும்பாலும் அலுமினியம் என்பதால், பலம் இருக்கிறதென்று முறுக்கினால் மரை போய்விடும். பழைய எண்ணெயை மணலில் ஊற்றிப் புதைக்கிற வழக்கத்தை விடுங்கள். அந்த மணலுக்கு அடுத்தது மன்னார் வளைகுடா. கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்று என்று கையேடு சொல்லும் கணக்கு, கடல்தண்ணீரில் இறங்கிய வண்டிக்குப் பொருந்தாது. ஓடிச் சூடான பெட்டி தண்ணீரில் மூழ்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த இழுப்பில், பெட்டிக்குள் காற்று போய்வர வைத்திருக்கும் மூச்சுக்குழாய் வழியாகவும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் ஓரமாகவும் உப்புநீர் உள்ளே போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல் போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். வெளுத்துக் கலங்கலாக இருந்தால் அன்றே வடித்துவிட வேண்டும். ஒருமுறை மாற்றியதோடு விடாமல், கொஞ்ச தூரம் ஓட்டி அதையும் வடித்து மறுபடி புதிதாக ஊற்றினால்தான் மூலைகளில் தங்கிய தண்ணீர் வெளியேறும். அடிக்கடி தண்ணீரில் இறக்குகிறவர்கள் மூச்சுக்குழாயில் ரப்பர் ஹோஸ் மாட்டி, பானெட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிடுகிறார்கள்.