பயோஅக்குமுலேஷன்: தமிழில் உயிர்த்திரட்சி

ஓர் உயிர் ஒரு வேதிப்பொருளை வெளியேற்றும் வேகத்தைவிட உள்வாங்கும் வேகம் கூடினால், மிச்சம் உடலிலேயே தங்கிச் சேரும். இதுதான் பயோஅக்குமுலேஷன். 'பயோஸ்' கிரேக்கத்தில் உயிர், வாழ்வு. பின்பாதி 'குமுலுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. குவியல் என்று பொருள்.

தமிழில் உயிரியல் குவிப்பு, உயிரிச் சேர்க்கை என்றெல்லாம் எழுதுகிறார்கள். குவிப்பு என்றால் யாரோ வேண்டுமென்றே குவிப்பதாகப் படுகிறது. திரளுவது தானாக நடப்பது. மோரில் வெண்ணெய் திரள்கிறது என்கிறோம் அல்லவா? கொழுப்பில் போய்ச் சேரும் நஞ்சுக்கு இந்த வினைதான் பொருத்தம். அதனால் உயிர்த்திரட்சி என்பதே என் தேர்வு.

நொய்யல் கரைக்காரர்களுக்கு இதை விளக்கும்போது ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரத்துப்பாளையம் அணையையும் அதற்குக் கீழே இருந்த தோட்டங்களையும் பாழாக்கியது திருப்பூர்ச் சாயக்கழிவின் உப்பு. உப்பு தண்ணீரில் கரையும், தண்ணீரைச் சோதித்தாலே தெரிந்துவிடும். தீத்தடுப்பான்கள் நேர் எதிர். சோபா நுரை, டிவி பெட்டி, திரைச்சீலைத் துணி ஆகியவை எளிதில் தீப்பற்றாமலிருக்கச் சேர்த்த பிபிடிஇ என்னும் புரோமின் சேர்மங்கள் தண்ணீரில் கரைவதே அரிது. நுரையோடு வேதிப்பிணைப்பும் கிடையாது, கலந்துதான் இருக்கும். அதனால் தூசியாக உதிர்ந்து, சாக்கடை வழியே ஆற்றுக்குப் போய் வண்டலில் படியும். புழு அதைத் தின்னும், மீன் புழுவைத் தின்னும். தண்ணீர் சுத்தம் என்று அறிக்கை வந்தாலும் மீனின் கொழுப்பில் அது இருக்கலாம். வண்டலையும் மீனையும் சேர்த்துச் சோதிக்காத அறிக்கையை நம்பி நிம்மதியடைய முடியாது.

இந்தச் சேர்மங்களை மீனில் கண்டதாக முதன்முதலில் 1981-இல் எழுதியவர்கள் சுவீடன்காரர்கள். மீன் பிடிபட்டது வீஸ்கான் ஆற்றில். அதன் கரையிலும் துணி ஆலைகள்தான்.

மீனுக்குள் போன பிறகும் பொருள் அப்படியே இருப்பதில்லை. பிபிடிஇ-யில் மொத்தம் 209 வகை. நம் அணைகளிலும் வளர்க்கிற சாதாக்கெண்டையின் குடலில் 99-ஆம் எண் வகை ஒரு புரோமினை இழந்து 47-ஆம் எண்ணாக மாறுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். மீன்களில் பெரும்பாலும் அதிகமாகக் கிடைப்பதும் இந்த 47-தான். தைராய்டு ஹார்மோனின் மூலக்கூறு வடிவத்தோடு இவற்றுக்கு ஒற்றுமை உண்டு, கவலைக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம், கூடவே குழப்பும் இரண்டு சொற்கள். செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்து மட்டும் ஏறுவது உயிர்ச்செறிவு (பயோகான்சென்ட்ரேஷன்). சிறு மீனைவிட அதைத் தின்னும் விராலில், விராலைவிட அதைத் தின்னும் பறவையில் அளவு கூடிக்கொண்டே போவது பயோமேக்னிஃபிகேஷன். இதை 'உயிர்ப்பெருக்கம்' என்று எழுதினால் உயிர்கள் பெருகுவதாகப் பொருள்பட்டுவிடும், தயவுசெய்து தவிர்க்கலாம். 'உணவுப்படிச் செறிவேற்றம்' கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

எளிதில் சிதையாத நஞ்சுகளுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இல் பிபிடிஇ-யின் சில வகைகளையும் 2017-இல் டெக்கா எனப்படும் பத்து புரோமின் வகையையும் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. பழைய நுரையும் பிளாஸ்டிக்கும் இன்னும் புழக்கத்திலும் குப்பையிலும் இருக்கின்றன. மீன் வாங்குகிறவர்கள் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கிவிட்டுச் சமைத்தால் உடம்புக்குள் போகும் அளவு குறையும்.