வெடி அதிருது, வசனம் புரியலையா? குறைந்த செலவில் ஸ்பீக்கரும் சப் ஊஃபரும்

ஹோம் தியேட்டர் வாங்கியவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "சண்டை வந்தா ஜன்னல் அதிருது, பேசினா ஒண்ணும் புரியல." வசனத்துக்குச் சவுண்டைக் கூட்டுவார்கள், வெடி வந்ததும் குறைப்பார்கள். படம் முடியும்வரை ரிமோட் கையிலேயே இருக்கும். வாட்ஸ் போதாமல் இப்படி ஆவதில்லை. காசு போன இடமும் ஸ்பீக்கர் பெட்டி வைத்த இடமும்தான் தவறு. பெட்டியை இடம் மாற்றச் செலவே கிடையாது.

முதலில் அட்டைப்பெட்டியில் இருக்கும் எண். 5000, 10000 என்று போட்டிருக்கும் பிஎம்பிஓ வாட்ஸை (கண நேர உச்சம் என்று காட்டும் கணக்கு) மறந்துவிடுங்கள். அதே செட்டின் பின்பக்க லேபிளில் 60 வாட்ஸ் என்று மின்செலவு போட்டிருக்கும். 60 வாட்ஸ் இழுக்கும் செட் அதற்கு மேல் தொடர்ந்து தராது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரும் சக்தி.

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் அசெம்பிள் செட் வாங்குபவர்கள் இன்னும் நிறையப் பேர். நல்ல கைவேலைக்காரர் செய்தால் அதில் குறையில்லை. ஆனால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி) எல்ஏ4440 ஐசி என்றால் ஸ்டீரியோவில் சேனலுக்கு 6 வாட்ஸ், இரண்டு சேனலையும் ஒன்றாக்கி பிரிட்ஜ் செய்தால் 19. டிடிஏ2030 என்றால் 4 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 14. டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12, 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 120 விஏ (வாட்ஸ் போன்ற அளவுதான்). ஐந்து சேனலும் சப்பும் (தாழ்ந்த ஒலிக்கான சப் ஊஃபர்) அதற்குள்தான் பங்கு போட வேண்டும். முகப்பில் "சேனலுக்கு 100 வாட்ஸ்" என்று ஸ்டிக்கர் ஒட்டினால் கணக்கு மாறாது.

வாட்ஸைவிட முக்கியமானது ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரே வாட்ஸில் எத்தனை டிபி (டெசிபல்) சத்தம் தரும் என்பது. 84 டிபி ஸ்பீக்கர் 100 வாட்ஸ் வாங்கித் தரும் சத்தத்தை 90 டிபி ஸ்பீக்கர் 25 வாட்ஸிலேயே தந்துவிடும். 3 டிபி கூடினால் பாதி ஆம்ப் போதும். சின்ன ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப் பெட்டி) வைத்திருப்பவர்கள் 87, 88 டிபிக்குக் குறையாமல் 8 ஓம் ஸ்பீக்கராகப் பாருங்கள்.

இனி, வசனம் ஏன் கெடுகிறது? விலை குறைந்த 5.1 செட்டில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) சாட்டிலைட் எனும் ஐந்து சின்னப் பெட்டியிலும் 3 இன்ச் டிரைவர்தான் இருக்கும். அது 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது (ஹெர்ட்ஸ் குறையக் குறைய ஒலி தாழும்). மிச்சத்தை எல்லாம் சப் தூக்க வேண்டியிருக்கிறது. ஆண் குரலின் அடிநாதம் சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. அதனால் கதாநாயகனின் பாதிக் குரல் டிவிக்கு அடியிலிருந்தும், மீதி மூலையில் இருக்கும் சப்பிலிருந்தும் வரும். குழறாமல் என்ன செய்யும்?

எனவே பட்ஜெட் குறைவென்றால் ஐந்து பெட்டி வேண்டாம். கையில் உள்ள பணத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் ரிசீவருக்கு, 35 முன்பக்க மூன்று ஸ்பீக்கருக்கு (இடது, வலது, நடுவில் வசனத்துக்கான சென்டர்), 25 சப்புக்கு. பின்பக்கத்து இரண்டும் அடுத்த தீபாவளிக்கு வரட்டும். முன்பக்கம் 5.25 அல்லது 6.5 இன்ச் ஊஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் எடுத்தால் 80 ஹெர்ட்ஸ்வரை தாங்கும். சென்டரும் அதே கம்பெனி, அதே வரிசையாக இருக்கட்டும். சென்டருக்குக் காசு எட்டவில்லையா? ரிசீவரில் சென்டர் இல்லை என்று செட் செய்யுங்கள், வசனம் இடது வலது இரண்டிலும் சமமாக வரும். சொத்தை சென்டரைவிட இது எவ்வளவோ மேல்.

சென்டரை ஷெல்ஃபின் உள்ளே தள்ளி வைக்காதீர்கள். அதன் முகப்பு ஷெல்ஃப் பலகையின் விளிம்போடு நிற்க வேண்டும்; தாழ இருந்தால் முன்பக்கம் சிறு கட்டை கொடுத்துக் காதை நோக்கி நிமிர்த்துங்கள். பாயில் உட்கார்ந்து பார்க்கும் வீடென்றால் காது இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கும், சோஃபா உயரத்துக்கு நிமிர்த்தாதீர்கள்.

சப்புக்கு வருவோம். மைக் செட்காரரிடமிருந்து கைமாறி வரும் 15 இன்ச் ஸ்பீக்கரைப் பெட்டி கட்டி வீட்டில் வைக்கிறார்கள். பந்தலுக்கு அது நன்றாக உழைக்கும். ஆனால் 40, 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக இறங்காது. படத்தின் உறுமல் அதற்குக் கீழேதான் இருக்கிறது. 12க்கு 15 அடி மூடிய ஹாலுக்கு 10 அல்லது 12 இன்ச், 150 வாட்ஸ் ஆர்எம்எஸ், 30 ஹெர்ட்ஸ்வரை ப்ளஸ் மைனஸ் 3 டிபி (சத்தம் அதற்கு மேல் ஏறி இறங்காது) என்று எழுதியிருக்கும் சப் போதும். அந்த 3 டிபி இல்லாமல் "20 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள். முற்றம் வைத்த பழைய வீட்டுக் கூடத்தில் பேஸ் (தாழ்ந்த ஒலி) எல்லாம் வானத்துக்குப் போய்விடும். அங்கே எந்த ஒற்றைச் சப்பும் திணறும். கதவுள்ள அறைக்கு மாற்றுவதுதான் வழி.

கடையில் கேட்டுப் பார்க்கத் தவில் பதிவு ஒன்றைப் போனில் கொண்டு போங்கள். தவிலை நேரில் கேட்டு வளர்ந்த ஊர் இது. தொப்பியில் குச்சி விழும் அடி "தும்" என்று விழுந்து உடனே அடங்க வேண்டும். "தும்ம்ம்" என்று இழுத்தால் அந்தச் சப் வேண்டாம்.

வீட்டில் அதே சப் இழுத்தால் குற்றம் அறையுடையது. 572ஐ அறையின் நீளம் அல்லது அகலத்தின் அடிக்கணக்கால் வகுத்தால் எந்த ஹெர்ட்ஸில் அறை தானாக முழங்கும் என்று தெரியும். 15 அடிக்கு 38, 12 அடிக்கு 48, 10 அடிக்கு 57. 10க்கு 10 அறையில் கூரையும் 10 அடி என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் 57இல் சேர்ந்து முழங்கும். பின்சுவரை ஒட்டிய சோஃபாவில் அந்த முழக்கம் உச்சம்; அறையின் நட்டநடுவில் அது காணாமலே போகும். சோஃபாவைச் சுவரிலிருந்து மூன்று நான்கு அடி முன்னே இழுங்கள். கோரைப்பாய், திரைச்சீலை எல்லாம் டைல்ஸ் எதிரொலியைக் குறைக்கும், பேஸை ஒன்றும் செய்யாது.

சப்புக்கு இடம் தேட: சப்பை நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். 20 முதல் 100 ஹெர்ட்ஸ்வரை ஏறும் டோனைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, காதைத் தரையோரம் வைத்துக் கேளுங்கள். எங்கே சத்தம் ஏறி இறங்காமல் சீராக இருக்கிறதோ, அங்கே சப்பை வைத்துவிடுங்கள். பிறகு ரிசீவரில் ஸ்பீக்கர்களை "ஸ்மால்" என்றும், கிராஸோவரை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சப்புக்குப் போகும் என்ற எல்லை) 80 என்றும் வையுங்கள். சப்பில் உள்ள கிராஸோவர் திருகை உச்ச ஹெர்ட்ஸுக்குத் திருப்பிவிடுங்கள். சப்பில் உள்ள ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் போட்டு எதில் பேஸ் கூடுகிறதோ அதில் நிறுத்துங்கள்.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்காற்றில் வயர் முனை பச்சை பூக்கும், வருடம் ஒருமுறை நறுக்கிப் புதிதாகச் சீவுங்கள். மழைக்காலத்தில் தரை ஓதம் ஏறி எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) பெட்டி ஊதிவிடும், இரண்டு இன்ச் கட்டை மேல் ஏற்றி வையுங்கள்.

சப் "ம்ம்ம்" என்று இரைந்தால் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் கோளாறு அந்த வழியில், அந்த வயரில் ஐசொலேட்டர் (மின்தொடர்பைப் பிரிக்கும் சிறு கருவி) போட்டால் தீரும். எர்த் பின்னை வெட்டி இரைச்சலை நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து. ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் என்றால் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ போர்டை எரித்துவிடும்.