கரும்புக்கு மேலே என்ஜின் அடங்கினால்

தென்னாப்பிரிக்காவில் டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்பு வைத்திருப்பவர்களுக்கு மருந்து விமானம் புதிதல்ல. வெட்டுக்கு முன்னால் கரும்பில் சர்க்கரை ஏற ரைப்பனர் அடிக்க வரும். அந்த விமானங்களைப் பழுது பார்ப்பது என் வேலை.

"என்ஜின் நின்றால் சறுக்கிக்கொண்டே போய் எங்காவது இறக்கிவிடலாமே" என்பார்கள். உயரம் இருந்தால் சரி. தெளிப்பு விமானம் பறப்பதோ கரும்புத் தோகைக்கு மேலே மூன்று நாலு மீட்டரில். விமானிக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். திரும்பி ஓடுதளத்துக்கு வர நினைக்கக் கூடாது. வேகம் குறைந்த விமானத்தைச் சாய்த்துத் திருப்பினால் இறக்கை அதைக் காற்றில் தாங்காது. முதலில் மருந்தைக் கொட்ட வேண்டும். ஏர் டிராக்டர் 502 என்ற தெளிப்பு விமானத்தின் மருந்துத் தொட்டி ஏறக்குறைய 1,900 லிட்டர் பிடிக்கும், கிட்டத்தட்ட இரண்டு டன். கொட்டும்போது மூக்கு மேலே எழும். அதை அழுத்திப் பிடித்து, நேர் எதிரே கரும்பு வண்டிப் பாதை ஏதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டிய மருந்துக்கு விமானியிடம் கணக்குக் கேட்கிற முதலாளியை நான் மதிக்க மாட்டேன்.

டர்பைன் என்ஜினில் எரிபொருள் கட்டுப்பாட்டுக்குப் போகும் ஒரு மெல்லிய காற்றுக் குழாய் கசிந்தாலே சக்தி ஐடிலுக்கு, அதாவது சும்மா ஓடும் நிலைக்கு, இறங்கிவிடும். அது எங்கள் பாடு. உங்கள் பாடு எரிபொருள் டிரம்.

தோட்டத்து ஓடுதளத்தில் 200 லிட்டர் டிரம்மை நிமிர்த்தி வைத்தால் மழைத் தண்ணீர் மேல்தட்டில் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். ராத்திரி குளிர்ந்ததும் டிரம் உள்ளே இழுக்கும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் மரையோரமாகத் தண்ணீர் இறங்கிவிடும். அதனால் டிரம்மைப் படுக்க வையுங்கள், இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் வருகிற மாதிரி. அப்போது மூடிகளை உள்ளிருந்து எண்ணெய் மூடியிருக்கும், இழுக்கக் காற்று வழி இருக்காது. எரிபொருள் எடுப்பதற்கு முன் நிமிர்த்தினால் தண்ணீரும் அழுக்கும் அடியில் தங்க நேரம் கொடுங்கள்; பம்ப் குழாய் அடித்தட்டைத் தொடக் கூடாது.

அப்புறம், காலையில் விமானத்தை நகர்த்தும் முன்பே எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து கண்ணாடிக் குடுவையில் வடித்துப் பார்ப்போம். பிஸ்டன் என்ஜினுக்கான அவ்காஸ் 100எல்எல் நீல நிறம், அதனால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். டர்பைனுக்கான ஜெட் ஏ-1 அப்படியல்ல, அதுவே தண்ணீர் மாதிரிதான் இருக்கும். குடுவை முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் "சுத்தமா இருக்கு" என்று கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இரண்டு விரலில் தேய்த்து மோந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாசமும் வழவழப்பும் இல்லையென்றால் விமானம் எழும்பக் கூடாது.