முதலில் கோப்பு, அப்புறம்தான் லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து சிறு நிறுவனங்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நல்லா ஓடிட்டிருக்கிற கம்ப்யூட்டர். தூக்கிப் போடறதா, லினக்ஸ் போட்டுடலாமா?" விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம்தான் லினக்ஸ். தாராளமாகப் போடலாம். ஆனால் லினக்ஸில் ஆரம்பிக்காதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் அலுவலகத்தில் சனி, ஞாயிறு இரண்டே நாளில் எல்லாக் கணினிகளிலும் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவினேன். திங்கள் காலை, இருபது வருடமாக அங்கே கடிதம் அடிக்கும் அக்கா ஒரு கோப்பைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என் லெட்டரெல்லாம் எங்கே போச்சு?" 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருந்தன. கோப்பு கெடவில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த மாதிரி பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுபவை. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே தெரிந்துவிடும், அது விண்டோஸாக இருந்தாலும். ஆனால் பழி லினக்ஸ் மேல் விழுந்தது. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கான பொதுக் குறியாக்கம் யூனிகோடு. தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்கு முந்தைய கோப்புகளும், பழக்கம் விடாமல் பிறகு அடித்த கோப்புகளும் பல அலுவலகங்களில் இன்னும் பழைய குறியாக்கத்திலேயே கிடக்கின்றன. முதல் வேலை அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது. தட்டச்சு செய்பவரின் விரல் பழக்கத்தையும் கெடுக்க வேண்டியதில்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாகப் பழைய தட்டச்சுப்பொறி விசை அமைப்பிலேயே யூனிகோடு அடிக்கலாம்.

பிரான்சின் ஜாந்தார்மெரி காவல்படை லினக்ஸுக்கு மாறும் வேலையைப் பொறுமையாகச் செய்தது. 2005-இல் ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள், அடுத்த ஆண்டு ஃபயர்பாக்ஸ் உலாவி, தண்டர்பேர்டு மின்னஞ்சல் நிரல். 2008-க்குப் பிறகுதான் உபுண்டு. அதற்குள் தினமும் கையாளும் நிரல்கள் எல்லோருக்கும் பழகிவிட்டன. மாறியது அடித்தளம் மட்டும். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. கடித, படிவ வார்ப்புருக்களைச் சமாளிக்க வோல்மக்ஸ் என்ற மென்பொருளைத் தாங்களே எழுத வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டும், 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. மேலிடம் உறுதியாக நிற்காவிட்டால் எந்தத் தொழில்நுட்பமும் நிற்காது.

இப்போது நான் போகும் இடங்களில் ஆறு மாதம் விண்டோஸிலேயே, எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸை ஓடவிடுகிறேன். மைக்ரோசாஃப்டின் காலிப்ரி எழுத்துருவுக்கு ஈடாகக் கார்லிட்டோ எழுத்துருவை நிறுவினால் எழுத்தின் அகலம் ஒன்றாக இருப்பதால் வரிகள் இடம் மாறாது. "பக்கம் கலைஞ்சுபோச்சு" என்ற புகாரில் பாதி குறைந்துவிடும். எக்செல் கோப்புகளுக்குள் எழுதி வைத்த மேக்ரோ எனும் சிறு நிரல்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறோம். பிரிண்டர், கைரேகை வருகைப் பதிவு, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் மூன்றுக்கும் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறோம். லைசென்ஸில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கு ஒதுக்க முதலாளி சம்மதித்தால்தான் வேலையையே தொடுகிறேன்.

சென்ற முறை முடித்த நிறுவனத்தில் கணக்கர் மேசையில் மட்டும் டேலி கணக்கு மென்பொருளுக்காக ஒரு விண்டோஸ் கணினி இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.