கொட்டித் தீர்ப்பதா, கோத்து எழுதுவதா?

புத்தாண்டு பிறந்தால் நகைக்கடைகளும் மருந்து கம்பெனிகளும் இலவசமாகக் கொடுக்கும் டைரிகள் நம் வீடுகளில் என்ன ஆகின்றன? முதல் சில பக்கங்களில் பால் கணக்கு, அப்புறம் கேஸ் சிலிண்டர் வந்த தேதி, மிச்சமெல்லாம் பேரப்பிள்ளைகளின் கிறுக்கல். கணக்கு எழுதுவதால் மனம் லேசாகிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதே காகிதத்தில் வேறு விதமாக எழுதினால், அளந்து பார்க்கக்கூடிய மாற்றம் மனத்தில் மட்டுமல்ல, உடம்பிலும் தெரிகிறது என்று ஏறக்குறைய 40 ஆண்டுகளாக ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த வேறு விதம் எது என்பதில்தான் ஊரார் நம்பிக்கையும் ஆய்வு முடிவும் ஒத்துப்போகவில்லை.

இதன் தொடக்கம் அமெரிக்காவின் டல்லஸ் நகரிலுள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 46 மாணவர்களை வைத்து ஓர் எளிய பரிசோதனை நடத்தி, 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் தனியறையில் உட்கார்ந்து எழுத வேண்டும். ஒரு குழுவுக்குச் சப்பென்ற தலைப்புகள்: வீட்டு வரவேற்பறை எப்படி இருக்கிறது, காலில் போட்டிருக்கும் ஷூ எப்படிப்பட்டது என்ற மாதிரி. மற்ற மூன்று குழுக்களும் வாழ்க்கையில் தங்களை மிகவும் உலுக்கிய சம்பவத்தை எழுத வேண்டும். ஒரு குழு என்ன நடந்தது என்பதை மட்டும், இன்னொன்று என்ன உணர்ந்தோம் என்பதை மட்டும், மூன்றாவது குழு இரண்டையும் சேர்த்து எழுதியது.

எழுதி முடித்த கையோடு யாருக்கும் நிம்மதி வந்துவிடவில்லை. உணர்ச்சியைத் தொட்டு எழுதியவர்கள் வாட்டத்தோடுதான் வெளியே வந்தார்கள். இரத்த அழுத்தம்கூடச் சற்று ஏறியிருந்தது. பலன் தெரிந்தது பிறகுதான். அடுத்த ஆறு மாதங்களில் யார் யார் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் போனார்கள் என்று பார்த்தபோது, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகப் போயிருந்தார்கள். சம்பவத்தை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஏன்? பென்னிபேக்கர் முதலில் சொன்ன விளக்கம் நமக்கெல்லாம் பழக்கமானது. மனத்தில் பூட்டி வைப்பது உடம்புக்குச் சுமை, வெளியே கொட்டிவிட்டால் பாரம் இறங்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் இதை இடறிவிட்டன. 1996-இல் வெளியான ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அதில் சில மாணவிகளிடம், அவர்களுக்கு நடக்கவே நடக்காத ஒரு துயரத்தைக் கற்பனை செய்து, தங்களுக்கே நடந்ததுபோல் எழுதச் சொன்னார்கள். அவர்களுக்கும் அடுத்து வந்த ஒரு மாதத்தில் உடல்நலப் பலன் கிடைத்தது. அவர்கள் எழுதியது தாங்கள் பூட்டி வைத்திருந்த துயரமே இல்லையே, எதைக் கொட்டினார்கள்?

விடைக்கான துப்பு எழுத்துகளுக்குள்ளேயே இருந்தது. மாணவர்கள் எழுதியவற்றைக் கணினியில் ஏற்றி, சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். நலம் பெற்றவர்களிடம் ஒரு போக்கு தெரிந்தது. முதல் நாளைவிடக் கடைசி நாளில் ‘ஏனென்றால்’, ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் கூடியிருந்தன. ‘நான், எனக்கு, என்னை’ என்றே சுற்றிவந்தவர்கள் அடுத்தவர் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தொடங்கியிருந்தார்கள்.

இது எப்படி இருக்கும் என்று காட்ட ஓர் உதாரணம் கற்பனை செய்கிறேன். முதல் நாள்: ‘அண்ணன் என்னைக் கேட்காமலே வீட்டை விற்றுவிட்டான். என்னை மனுஷியாகவே மதிக்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.’ நான்காம் நாள்: ‘அப்பா வைத்துவிட்டுப் போன கடனை அண்ணன் ஒருவன்தான் கட்டிக்கொண்டிருந்தான். அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டிருப்பான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வலித்தது வீட்டுக்காக இல்லை, அந்த ஒரு வார்த்தைக்காக.’ கோபம் இரண்டிலும் இருக்கிறது. இரண்டாவதில் அதற்கு ஒரு காரணமும் ஒரு வடிவமும் கிடைத்திருக்கின்றன. மனத்துக்குள் ஒரே நினைவு உதிரிப்பூவாகச் சிதறிக் கிடக்கும். வாக்கியம் எழுத வேண்டுமென்றால் அதைக் கோத்தே ஆக வேண்டும், எது முன்னே எது பின்னே என்று முடிவு செய்தே ஆக வேண்டும். அந்த வேலைதான் மருந்து என்பது இப்போது வலுவாக உள்ள கருத்து.

மூளைக்குள்ளும் இதற்கு ஒரு சாடை உண்டு. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குக் கோபமும் பயமும் நிறைந்த முகங்கள் காட்டப்பட்டன. அந்த முகத்துக்குரிய உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, அபாய மணி அடிக்கும் அமிக்டலாவின் துடிப்பு தணிந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் உள்ள, அடக்கி ஆளும் மூளைப்பகுதி சுறுசுறுப்பானது. முகம் ஆணா பெண்ணா என்று பார்த்து அதற்குப் பொருந்தும் ஆள் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அவ்வளவு தணிவு இல்லை. டைரிக்கும் இந்தப் பரிசோதனைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘மனசு சரியில்லை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட, அது பொறாமையா, அவமானமா, பயமா என்று பெயர் வைப்பது ஏன் உதவலாம் என்பதற்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

டைரி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற ஆர்ப்பாட்டத்தையும் கொஞ்சம் தட்டி வைக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகளிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. நான்கு மாதம் கழித்துக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் மனப்பாரத்தை எழுதியவர்களில் 47 சதவீதம், சாதாரண விஷயம் எழுதியவர்களில் 24 சதவீதம். ஆனால் 2006-இல் 146 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரிப் பலன் உண்மையானது, ஆனால் சின்னது என்றே தெரிந்தது. தொடர்புக் கெழு 0.075 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). செலவு ஒரு பேனாவும் ஒரு நோட்டும் மட்டுமே என்பதால் சின்னப் பலனும் லாபம்தான். மாத்திரையை நிறுத்திவிட்டு டைரி எழுதச் சொல்வது வேறு, அது ஆபத்து. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

சிலருக்கு எழுதுவது கெடுதலாகவும் முடிகிறது. அண்மையில் துணையைப் பிரிந்த 90 பேரிடம் அரிசோனா பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு இது. நடந்ததையே திரும்பத் திரும்ப அசைபோட்டு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தவர்கள் உணர்ச்சியை எழுதியபோது, பல மாதங்களுக்குப் பின்னும் அதிக வேதனையில் இருந்தார்கள். அதே வகையினர் அன்றாடம் என்ன செய்தோம் என்று உப்புச்சப்பில்லாமல் எழுதியபோது நன்றாகத் தேறினார்கள். பால் கணக்குக்கும் ஒரு காலம் உண்டு போலும்! நேற்று எழுதிய அதே வரி இன்றும், நாளையும் வருகிறது என்றால் அது கோப்பதில்லை, அசைபோடுவது. அப்போது அந்தப் பேச்சையே விட்டுவிட்டு வேறு எதையாவது எழுதலாம். அல்லது ‘நான்’ என்பதை விடுத்து, தன் பெயரையே போட்டு, மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுவதுபோல் எழுதிப் பார்க்கலாம். தன்னைத் தன் பெயரால் குறிப்பிட்டு யோசிப்பவர்களுக்குப் பதற்றம் குறைவதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் காட்டியிருக்கிறார்.

பெரிய துயரம் எதுவும் இல்லை, படுத்தால் நாளைய வேலைகள்தான் கண்முன் வரிசைகட்டி நிற்கின்றன என்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. பெய்லர் பல்கலைக்கழகத் தூக்க ஆய்வகத்தில் 57 இளைஞர்கள் படுக்கப்போகும் முன் ஐந்து நிமிடம் எழுதினார்கள். பாதிப்பேர் முடித்த வேலைகளை, பாதிப்பேர் இனிச் செய்ய வேண்டியவற்றை. இரண்டாம் வகையினர் சுமார் 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம்.

கடைசியாக, எழுதலாம்தான், வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி. கூட்டுக் குடும்பத்தில் பூட்டுப் போட்ட மேஜை யாருக்கு இருக்கிறது? இத்தகைய பல பரிசோதனைகளில் எழுதியவர்களுக்கு அந்தத் தாள்கள் திரும்பிக் கிடைக்கவில்லை. அவர்கள் அவற்றைப் பிறகு படித்துப் பார்க்கவும் இல்லை. எழுதும் நேரத்திலேயே வேலை நடந்துவிடுகிறது. அதனால் டைரிதான் வேண்டுமென்பதில்லை. பழைய பில்லின் பின்பக்கத்தில் 15 நிமிடம் எழுதிவிட்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிடலாம்.