பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்களா? கையெழுத்துப் போடும் முன் வாடகைச் சட்டத்தைப் பாருங்கள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் வீடு தேடினால் புரோக்கர் வாயிலிருந்து முதலில் வருவது "மெட்ரோவுக்கு அஞ்சு நிமிஷம்தான்" என்பது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பேச்சுதான். அடுத்து வாடகையைச் சொல்வார், அப்புறம் "அட்வான்ஸ் பத்து மாசம்" என்பார். நாமும் இது ஊர் வழக்கம்தானே என்று நகையை அடகு வைத்தாவது கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்பதே நம் பக்கம் பலருக்குத் தெரியவில்லை.

தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. பெயர் நீளம்தான், ஆனால் வாடகை வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இது வேண்டும். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு இது 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது.

முதலில் அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டப்படி தவறு என்கிறது பிரிவு 11. ஆனால் அதே வரியில் 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர' என்றும் இருக்கிறது, எல்லாரும் கோட்டைவிடுவது இங்கேதான். அதாவது பத்து மாதம் என்று அக்ரிமென்ட்டில் எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் மூன்று மாதக் கணக்கைப் பேசுவது கஷ்டம். பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். மூன்று மாதம்தான் தருவேன் என்றால் வீடு கிடைக்காமல் போகலாம், அது எனக்கும் தெரியும். ஆனாலும் சட்டத்தில் இப்படி இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிக் கேட்டு, பத்தை ஐந்தாக்கியவர்களை எனக்குத் தெரியும். ஒன்பதாயிரம் வாடகை வீட்டில் அதுவே நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் மிச்சம்.

திருப்பித் தருவதற்கும் கெடு இருக்கிறது. நீங்கள் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைக் கொடுத்துவிட வேண்டும். கொருக்குப்பேட்டையில் நாங்கள் இருந்த வீட்டைக் காலி செய்தபோது "அடுத்த குடித்தனம் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் தர முடியும்" என்று ஹவுஸ் ஓனர் சொல்ல, நாங்களும் அதுதான் முறை போல என்று நான்கு மாதம் நடையாய் நடந்தோம். புது வீட்டு அட்வான்ஸுக்கு அம்மாவின் வளையல் வங்கியில் இருந்தது. ஒரு மாதக் கெடு எங்களுக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தால் எழுத்தில் கேட்டிருப்போம். கடைசியில் பணம் வந்தபோது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையையும் பிடித்துவிட்டார். அதைக் கேட்கலாம் என்று அக்ரிமென்ட்டை எடுத்துப் பார்த்தால் மூன்றாம் பக்கத்தில் அப்படியே எழுதியிருந்தது, கீழே என் கையெழுத்து.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்த்தால் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வயரிங், கட்டடத்தின் பெரிய பழுதுகள் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் போடுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், பிளக் பாயின்ட், கழிப்பறை, வாஷ் பேசின் ரிப்பேர், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் இங்கேயும் அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். டைப்பிங் கடையில் இருக்கும் ரெடிமேட் படிவத்தை அப்படியே அடித்துக்கொடுப்பார்கள், அதில் இந்தப் பெயின்டிங் வரி இருக்கும். அந்த ஒரு வரியைக் கோடு போட்டு நீக்கச் சொல்லி, இரண்டு பேரும் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது வேலை. குடிபோகும் அன்றே சுவர், குழாய், தரை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மழைத் தண்ணீர் ஏறி இறங்கிய கீழ்த்தள வீடு என்றால் சுவரில் அந்தக் கோடு இருக்கும், அதையும் எடுங்கள்.

சரி, பதினோரு மாத அக்ரிமென்ட்டைப் பதிவே செய்ய வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிற 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்கத்தான் அந்தப் பதினோரு மாதக் கணக்கே வந்தது. 2017 சட்டம் கேட்பது வேறு பதிவு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் (இதற்கென்று மாவட்ட ஆட்சியர் நியமிக்கும் அதிகாரி) பதிய வேண்டும், எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் சரி. இதற்கென்று அரசின் டெனன்சி இணையதளம் இருக்கிறது, அதில் விவரத்தையும் ஒப்பந்தத்தையும் ஏற்றினால் வாடகைப் பதிவு எண் கிடைக்கும். ஓனரும் நீங்களும் சேர்ந்து செய்வதுதான் முறை. அவர் வரவில்லை என்றால் நீங்கள் தனியாகவும் விவரம் தாக்கல் செய்யலாம். கையெழுத்தான அசல் ஒன்றை 15 நாளுக்குள் உங்களிடம் கொடுக்க வேண்டியதும் ஓனரின் கடமை, ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் அப்பா காலத்திலிருந்தே வாய்ப்பேச்சில் குடியிருக்கிற குடும்பங்கள் நிறைய. அவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஓனர் மனுப்போட இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. முப்பது வருஷப் பழக்கம், சொந்தக்காரர் மாதிரி என்று இருந்துவிடாதீர்கள், பெரியவர் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் கைக்குச் சொத்து போன பிறகு பேச்சு மாறிவிடும்.

அக்ரிமென்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் ஓனர் செய்யக்கூடாத காரியங்களும் உண்டு. வாடகை பாக்கி என்றோ சண்டை என்றோ மோட்டார் போடாமல் தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, மாடிப்படி விளக்கை அணைப்பது, இதெல்லாம் பிரிவு 20-இன்படி கூடாது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவு போடலாம். மெட்ரோ தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற தெருவில், குடங்களோடு கீழே நிற்கும்போது மோட்டார் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. அது தப்பு என்று சொல்ல ஒரு சட்டப் பிரிவே இருக்கிறது, தைரியமாகச் சொல்லுங்கள்.

சாமானைத் தெருவில் தூக்கிப்போட்டுக் காலி செய்ய வைக்கவும் முடியாது, அதற்கு வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். சென்னையில் இந்த வழக்குகள் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நடக்கின்றன. அதே நேரம் இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாமல் இருந்தால் அது ஓனருக்கு வலுவான காரணமாகிவிடும். எழுத்தில் சம்மதம் வாங்காமல் உள்வாடகைக்கு விடுவதும் அப்படித்தான். சில ஓனர்கள் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்து, பிறகு பாக்கி என்பார்கள். மணியார்டரிலோ வேறு வழியிலோ அனுப்பிப் பாருங்கள், தொடர்ந்து இரண்டு மாதம் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள், வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்பினால் அந்தப் பதிவே சாட்சி.

நம் பக்கம் இன்னொரு ஏற்பாடும் சகஜம், லீசு. ஐந்து லட்சமோ ஏழு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருப்பது. இதில் கவலை முழுக்கக் கொடுத்த அந்த மொத்தப் பணத்தைப் பற்றித்தான். மூன்று வருஷ லீசை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்தோடு விட்டுவிடுகிறார்கள், ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் என்றாலே சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். டோக்கன் கொடுக்கும் முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனை போன்றவற்றைக் காட்டுவது) பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வீடு வங்கியில் அடமானத்தில் இருந்து, கடன் கட்டாமல் வங்கி வந்து நோட்டீஸ் ஒட்டினால் உங்கள் ஐந்து லட்சம் அந்தரத்தில் நிற்கும்.

மனு எங்கே கொடுப்பது என்றால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் வாடகை அதிகாரியாக நியமித்திருப்பார். திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் 2018 முதல் சென்னை மாவட்டம், விவரம் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். மீஞ்சூர், செங்குன்றம் பக்கம் வீடு எடுத்தவர்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும்.